சொல்லி வைத்தாற்போல்

கயானியில் மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
அதற்குள் என் கணினியில்
ஆயிரம் வீடுகள் குடியேறிவிடும்.
சுவர் கிடையாது, கூரை கிடையாது.
வீட்டுக்கு ஓர் எண்.
உள்ளே எத்தனை பேர் என்பதற்கு இன்னோர் எண்.
எப்போது விழிப்பார்கள் என்பதற்கு
ஒரு பகடை.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது உருளும்.
ஆறு பத்து:
இருநூற்றுப் பதினொன்றாம் வீட்டில் யாரோ எழுகிறார்.
காபி இயந்திரம். எண்ணூறு வாட்.
ஆறு இருபது:
திரும்பப் போய்ப் படுத்துக்கொள்கிறார்.
ஏன் என்று நிரல் கேட்காது.
கேட்க நான் அதற்குக் கற்றுத் தரவுமில்லை.

சனிக்கிழமை என்றால் மட்டும்
பகடைக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை வைத்திருக்கிறேன்.
ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே
சவுனா அடுப்புகள் ஒவ்வொன்றாய் எரியும்,
ஒன்றுக்கு ஆறு கிலோவாட்.
ஊரெங்கும் கல் சூடேற
என் திரையில் ஒரு குன்று எழும்பும்.
தட்டையான இந்த ஊரில்
எனக்குத் தெரிந்த மலை அது ஒன்றுதான்.

மின்சாரம் வாங்கும் பிரிவிலிருந்து ஆர்ரே கூப்பிடுவார்.
'ஹில்க்கா, நாளைக்கு எவ்வளவு?'
சொல்வேன்.
இத்தனை வருடத்தில்
ஒரு வீட்டைக்கூட நான் சரியாகச் சொன்னதில்லை.
நான் தூங்கவைத்த வீட்டில் கேக் வெந்துகொண்டிருக்கும்.
நான் துணி துவைக்கவைத்த வீட்டுக்காரர்கள்
விடுமுறைக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும்.
ஆனால் கூட்டிப் பாருங்கள்,
நூற்றுக்கு இரண்டுதான் பிசகும்.
ஒருத்தி அயர்ந்ததை
எங்கோ இன்னொருத்தியின் தூக்கமின்மை ஈடுகட்டிவிடும்.
இருவருக்கும் அறிமுகமே கிடையாது.
அறிமுகம் இல்லாததுதான்
என் கணக்கின் அஸ்திவாரம்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை.
சுழியத்துக்குக் கீழே முப்பத்து மூன்று.
தெற்கே எங்கோ ஓர் உலை நின்றுபோயிற்று.
வானொலியில் வேண்டுகோள் வைத்தோம்:
நாளை ஐந்திலிருந்து ஏழு வரை
சவுனா வேண்டாமே, தயவுசெய்து.

'எத்தனை பேர் கேட்பார்கள்?' என்றார் ஆர்ரே.
அதற்கு என்னிடம் மாறி இல்லை.
புதிதாய் ஒன்று சேர்த்தேன்.
என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல்
'பணிவு' என்று வைத்தேன்.
நூற்றுக்குப் பத்து என்று போட்டேன்,
அதுவே அதிகமோ என்று தயங்கியபடி.

மறுநாள் ஐந்து மணி. குன்று எழவில்லை.
ஆறு. தரை தரையாகவே கிடந்தது.
நூற்றுக்கு எழுபது பேர்
துண்டும் தோளுமாய்க் காத்திருந்திருக்கிறார்கள்.
வீட்டிலிருந்தே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்
தொண்டை அடைத்தது.

ஏழு அடித்தது.

சொல்லி வைத்தாற்போல் என்பார்கள்.
சொல்லித்தானே வைத்தோம்!
ஒரே நிமிடத்தில் அத்தனை அடுப்பும்.
ஒன்றையொன்று பார்த்திராத பகடைகள்
ஒரே முகம் காட்டி விழுந்தன.
குன்றில்லை அது, செங்குத்துச் சுவர்.
இந்தப் பிழையை ஈடுகட்ட
எதிர்ப்பக்கம் ஒருவருமே இல்லை.

ஏழு நாற்பதுக்கு
எங்கள் பகுதி முழுவதும் இருண்டது.

ஒப்புக்கொள்கிறேன்:
ஏழு மணி ஒரு நிமிடத்துக்கு
நானும் குமிழைத் திருகியிருந்தேன்.
மற்றவர்களாவது வானொலி கேட்டவர்கள்.
நான் அதை எழுதிக் கொடுத்தவள்.

தட்டித் தடவி உள்ளே போய் உட்கார்ந்தேன்.
கல்லில் சூடு இருந்தது.
ஓர் அகப்பை நீர் ஊற்ற, சீறியது.
சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு சீறல்.
நாலு வருடமாய் அடுத்த வீடு,
தபால்பெட்டியில் மால்லினென் என்றிருக்கும்,
அவ்வளவுதான் தெரியும்.
நான் மறுபடி ஊற்றினேன்.
அங்கேயும் ஊற்றினார்கள்.

வெளியே, கழற்றிப்போட்ட கோட்டுக்குள்
ஆர்ரேயின் அழைப்பு அதிர்ந்துகொண்டிருந்தது.