கோடு போகும் வீடு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாடு முடிகிறது.
மரப்பலகைத் தரையில் பித்தளைப் பட்டையாக ஓடுகிறது கோடு.
முன்பு இருந்தவர்கள் அடித்தது,
ஆணி இரண்டு கழன்றுவிட்டன.
வடக்கே சமையலறை, கியூபெக்.
தெற்கே படுக்கையறை, வெர்மான்ட்.
ஒரு நாட்டில் முட்டை பொரித்து
இன்னொரு நாட்டில் போர்த்திப் படுக்கிறேன்.
குளியலறை யாருக்கு என்பதில்
அளவைக்காரர்களுக்கே குழப்பம்.

மணமாகி வந்த முதல் வாரம்
காலுறை தேடி இழுப்பறையில் துழாவியபோது
கையில் பட்டது:
சில்லென்று, கனமாக, எண்ணெய் வாசனையோடு.
"இது இங்கேயா இருக்கிறது?"
"வேறெங்கே இருக்கும்?" என்றான் ஆரின்,
நான் உப்புச்சாடியைப் பற்றிக் கேட்டதுபோல.

எனக்குத் துப்பாக்கி புதிதில்லை.
என் தம்பி ஃபாபியன் அக்டோபர் வந்தால்
மூஸ் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவான்.
அவனுடைய மூன்றும் இரும்பு அலமாரியில்,
தோட்டாக்கள் வேறு அறையில்,
சாவி எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுவான்.
உரிமத்துக்காக வகுப்பில் உட்கார்ந்தான், பரீட்சை எழுதினான்,
விட்டுப்போன காதலியைத் தேடிப்போய்
படிவத்தில் கையெழுத்துக் கேட்டு
வாசலில் தொப்பியோடு நின்றான்.

இதைச் சொன்னதும் ஆரின்
இருமல் வரும்வரை சிரித்தான்.
"பழைய காதலியிடமா?
எனக்கு ஒரு கவண்கூடக் கிடைத்திருக்காது."

பிறகு சிரிக்காமல் சொன்னான்,
பாதை முடியும் இடத்தில் தனியாக இருந்த அவன் அம்மாவை,
பின்கதவுக் குமிழை எவனோ திருகிய இரவை.
ஷெரீஃப் வந்துசேர நாற்பது நிமிஷம்.
கதவுக்கு இந்தப் பக்கம் அவள் குரலும்
தோட்டா ஏறும் சத்தமும்.
போய்விட்டான் வந்தவன்.
"அந்த நாற்பது நிமிஷத்தை
நீ எண்ணிப் பார்த்ததில்லை, கிஸ்லேன்."

எண்ணிப் பார்த்ததில்லைதான்.
என்றாலும் ஒரு நிபந்தனை வைத்தேன்,
அது பட்டையைத் தாண்டக் கூடாது.
சட்டமும் அதையே சொன்னதால்
பாதிச் சண்டை மிச்சம்.
ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைக்க உட்காருவான்,
நீட்டிய கால்கள் என் நாட்டில்,
மடியில் இருப்பது அவன் நாட்டில்.
நான் கால்களைத் தாண்டிக் காப்பி எடுத்துப் போவேன்.

பிப்ரவரி. இரவு இரண்டரை.
சமையலறைக் கதவில் இடி,
கண்ணாடி உடைந்தது.
ஆரின் கையில் அது எப்போது வந்தது
நான் பார்க்கவில்லை.
வெறுங்காலோடு அவன் முன்னே, நான் பின்னே.
இருட்டில் ஓர் உருவம்
மேசையைப் பிடித்து ஆடுகிறது,
கையில் கறுப்பாக ஏதோ.
ஆரினின் கட்டைவிரல் பித்தளையில் பட்டது.
நின்றான்.

சட்டமா, நாலு வருஷத்துப் பழக்கமா,
பாதத்தில் ஏறிய குளிரா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

விளக்கின் சுவிட்ச் என் பக்கம்.
அவன் தோளை இடித்துக்கொண்டு தாண்டிப் போய்ப் போட்டேன்.

ரெமி.
பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற பையன்.
வண்டி பள்ளத்தில் சரிந்து,
இரண்டு கிலோமீட்டர் நடந்து,
இமையெல்லாம் பனி.
விறைத்த வாயில் பெயர்கூட வரவில்லை.
கையில் உயிர்போன தொலைபேசி.

மறுநாள் காலை சண்டை வந்தது, வராமல் இருக்குமா.
"வேறொருவனாக இருந்திருந்தால்?" என்றான் ஆரின்.
"அவனாகவே இருந்தானே" என்றேன்.
இரண்டுமே உண்மை என்பதால்
ரொட்டி கருகும்வரை
இருவரும் பேசவில்லை.

ஆனால் அந்த இரவு,
ரெமியின் விரல்களை வெந்நீரில் வைத்து,
சூப்பைச் சூடாக்கி,
உடைந்த கண்ணாடியில் அட்டையைச் செருகித்
திரும்பிப் பார்க்கிறேன்,
ஆரின் இன்னும் அங்கேயே நிற்கிறான்,
வெர்மான்டின் கடைசிப் பலகையில்,
வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து,
எதையோ திருடிய குழந்தை மாதிரி.

"உள்ளே வா, குளிர்கிறது" என்றேன்.

"முடியாது" என்றான்.
"கையில் இருக்கிறது."