மூன்று நொடி

திருமங்கலம் ஐ.டி.ஐ.யில்
தையல் பிரிவை மூடிய பிறகு
சும்மா கிடந்த அறை.
தரையில் நான் சாக்பீஸால் போட்ட வட்டங்கள் நான்கு.
வட்டத்துக்கு ஒருவராக, கண்ணை மறைக்கும் கருவி மாட்டிக்கொண்டு
காற்றைத் துழாவுகிறது
எலக்ட்ரீசியன் இரண்டாம் ஆண்டு.

என் வேலை பெரிதில்லை.
சார்ஜ் போடுவது,
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நெற்றிப்பட்டை துடைப்பது,
சுவரைப் பார்த்து நடப்பவரைத்
தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவது.
சித்திரையில் ஒரு பட்டையைப் பிழிந்தால்
அரை டம்ளர் வியர்வை தேறும்.

அவர்கள் நிற்பது இங்கே இல்லை.
எந்த ஊரிலும் இல்லாத
நூற்றுப்பத்து கிலோவோல்ட் துணை மின்நிலையத்தில்.
உசிலம்பட்டியிலிருந்து மூன்று பேர்
மேலூரிலிருந்து இரண்டு பேர்
அதே கேட்டைத் திறந்து வருகிறார்கள்,
பஸ்ஸுக்குக் காசில்லாமல்.
யாருக்கும் கால் கிடையாது.
தலை, மார்பு, மணிக்கட்டோடு முடியும் இரண்டு கை.
எல்லோரும் ஒரே உயரம்.
கீழே போட்ட சாமான்
மூன்று நொடியில் தானாகப் பலகைக்குத் திரும்பிவிடும்.

எனக்கு ஒரு கண் மானிட்டரில், ஒரு கண் வட்டத்தில்.
சப்ளையை நிறுத்து, பூட்டு, சோதி, எர்த் பண்ணு.
வரிசை தப்பினால் உடம்பு சாம்பல் நிறமாகும்,
மறுபடி கேட்டுக்கு வெளியே போய் நிற்கலாம்.
கதிரவன் ஆடி மாசத்துக்குள்
பதினேழு தடவை செத்தான்.
பதினெட்டாவதற்கு நீண்ட கைக்குக் குறுக்கே
இன்னொரு கை வந்தது.
அங்கே தொட முடியாது, கைக்குள் கை புகுந்து போகும்.
ஆனாலும் நின்றுவிட்டான்.
"டெஸ்டர் வச்சுப் பாத்தியாண்ணே?"
உசிலம்பட்டிக் குரல்.

அங்காள ஈஸ்வரி என்று அடித்திருக்கிறாள்.
தலைக்கு மேலே மிதக்கும் பலகையில் இடம் போதாமல்
'அங்காள ஈ' என்று நின்றுவிட்டது.
அன்றிலிருந்து ஈ.
ஈ வந்தாச்சா, ஈயைக் கேளு,
ஈ இல்லாமல் பிரேக்கரைத் தொடாதே.

எதைக் கொடுத்தாலும்
கைப்பிடியை எதிராளி பக்கம் திருப்பிக் கொடுப்பாள்.
எடையே இல்லாத கட்டிங் பிளேயருக்கு,
வெட்டவே வெட்டாத கத்திக்கு
எதற்கு இந்த மரியாதை என்று
நான் நினைத்ததுண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை உசிலம்பட்டியில் கரண்ட் போனது.
பராமரிப்புப் பணி. எங்கோ நிஜமான ஒருவர்
நிஜமான கம்பத்தில் ஏறியிருந்தார்.
நீட்டிய கையோடு
உறைந்து நின்றாள் ஈ.
அவளுக்குள் புகுந்து நடக்கலாம், வழி அதுதான் சுருக்கம்.
ஒருவரும் நடக்கவில்லை.
சுற்றிப் போய்ச் சுற்றிப் போய் வேலையை முடித்தார்கள்.
இங்கே வட்டத்துக்குள்
சித்திக் ஒருக்களித்து நகர்ந்ததைப் பார்த்தேன்,
கூட்டமான பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வழி விடுவதுபோல.

செய்முறைத் தேர்வுக்கு ஒன்பது பேரும் இங்கே வந்தார்கள்.
காலோடு.
ஒருத்தர் முகமும் ஒருத்தருக்குத் தெரியவில்லை.
குரலைக் கேட்டாலாவது கண்டுபிடிக்கலாம்,
கூச்சத்தில் எல்லோரும் ஊமை.
நான் மூன்று பெண்களை மாற்றி மாற்றிப் பார்த்து
உயரமானவள்தான் ஈ என்று முடிவு செய்தேன்.

"பிளேயர்" என்றான் சித்திக், யாரிடமும் இல்லாமல்.
மேசைக்கு அந்தப் பக்கம்
ஐந்தடிக்கும் குறைவான ஒருத்தி
கைப்பிடியைத் திருப்பி நீட்டினாள்.
அவன் கைப்பிடியைப் பார்த்தான்.
அப்புறம்தான் முகத்தை.
வாங்குகிற பதற்றத்தில், பழகிய விரல்,
ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கியது.

சிமெண்டுத் தரையில் பிளேயர் விழுந்தது.

ஒருவரும் குனியவில்லை.
ஒன்பது பேரும், என்னையும் சேர்த்துப் பத்து,
பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்
மூன்று நொடி.
நாலாவது நொடியில்
இரண்டு பேரும் சேர்ந்து குனிந்ததில்
தலையும் தலையும் முட்டிக்கொண்டன,
நான் பஞ்சால் துடைக்கும் பட்டை
நெற்றியில் பதிகிற அதே இடத்தில்.

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"அடுத்து" என்றார்.