காற்றுச் சோதனை

வாசற்கதவைக் கழற்றிச்
சிவப்புத் துணி கட்டி
நடுவே விசிறியைப் பூட்டினாள் டீட்லிண்டே.
வீட்டின் மூச்சை உறிஞ்சியது அது.

முந்நூறு வருட ஓக் சட்டகம்.
இடையில் வைக்கோல், அதன்மேல்
நானும் குகதாசும் இரண்டு கோடை
குழைத்துப் பூசிய களிமண்.
கூரையில் சூரியத் தகடு,
கழுத்தில் வங்கிக் கடன்.

புகைக்குழலோடு சுவர் சுவராக நடந்தாள்.
புகை நேரே நின்றது.
அடுக்களை மூலையில் மட்டும்
யாரோ ஊதியதுபோல் விலகியது.

"புதுச் சூடு, உத்தரம் மறுபடி காய்கிறது.
இதை அடைத்தால் இன்னொன்று திறக்கும்."
ஒன்று புள்ளி நான்கு.
தேறிவிட்டோம்.

இரவு வெட்ஸ்லாரில் பனி.
செம்மறிக் கம்பளியோடு ஏணியில் ஏறினேன்.
வெடிப்புக்குள் ஏற்கெனவே
ஒரு கந்தல்,
எந்தக் குளிர்காலத்திலோ யாரோ திணித்தது.

உருவவில்லை.
பக்கத்தில் என்னுடையதைச் செருகினேன்.