தடைகள்: இருநூறு சொற்களுக்கு மிகாமல்

படிவத்தின் ஏழாம் பெட்டி கேட்கிறது:
கார்பனைக் குறைக்கவிடாமல்
உங்கள் கவுன்சிலைத் தடுப்பது எது?
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.

மோர்வெல்.
பெயரில் மட்டும் மோர்.
பழுப்பு நிலக்கரியின்மேல்
பாய் விரித்துப் படுத்திருக்கும் ஊர்.
நான் இங்கே காலநிலை அலுவலர்,
வாரத்துக்கு மூன்று நாள்.
மற்ற நாட்களில் காலநிலை
தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

முதல் தடை, பணம் என்று எழுதி
அழித்தேன்.
கிணற்றடியில் நின்றுகொண்டு
தாகம் என்று சொல்வானேன்,
அதற்குத் தெரியும்.

நீச்சல்குளத்தின் கொதிகலன் அறை.
எரிவாயு நீலமாக உறுமுகிறது.
கார்மெல் புஹாஜர் காதடைப்பானைக் கழற்றிவிட்டு
சுவரிலிருந்த மின்பலகையைத் தட்டினார்.
"இதுதான் உன் தடை."
அறுபத்தெட்டில் பூட்டியது. பின்புறம் ஆஸ்பெஸ்டாஸ்.
வெப்பப் பம்பு வைக்க
இன்னும் இருநூறு ஆம்பியர் வேண்டும்.
தெருமுனை டிரான்ஸ்பார்மரில்
மிச்சமிருப்பது நாற்பது.

இருபத்தாறு வருடம் இவர்
அனல்மின் நிலையத்தில் டர்பைன் பார்த்தவர்.
"மெல்பேர்ன் ரொட்டி வாட்டியதெல்லாம்
நாங்கள் அனுப்பிய மின்சாரத்தில்.
இப்போது ஒரு குளத்தைச் சுடவைக்க
எங்களிடம் கம்பி இல்லை."
அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்,
பிறகு வெட்கமாயிருந்தது.
"அந்த மின்சாரமும் கரிதானே?" என்று கேட்டேன்.
"இன்றைக்கு" என்றார்.
"இது என்றைக்கும் எரிவாயு."

மற்ற ஊர்கள் சோலார் கேட்டன,
கார் சார்ஜர் கேட்டன.
நான் கேட்டது
ஒரு கேபிள், ஒரு டிரான்ஸ்பார்மர்,
ஆஸ்பெஸ்டாஸ் கழற்ற உரிமம் உள்ள ஓர் ஆள்,
பத்து மாதம் மின்கம்பெனியைத்
தொலைபேசியில் நச்சரிக்க
ஒருவருக்குச் சம்பளம்.

நிதிப்பிரிவு லினெட் கேட்டாள்:
"கேபிளால் எத்தனை டன் மிச்சம்?"
பூஜ்யம்.
"கேபிள் போடாவிட்டால்?"
வேறு எது வாங்கினாலும் பூஜ்யம்.
பேனாவை மூடினாள், திறந்தாள்.
"இரண்டாவது பூஜ்யத்தை
முதலில் எழுது."

நிதி வந்தது. பாதி.
மறுபாதிக்குச் சபைக்கூட்டம்.
"மண்ணுக்குள் புதைக்கவா
ஒரு லட்சத்து எண்பதாயிரம்?" என்று
ஓர் உறுப்பினர் மேசையைத் தட்ட,
நீச்சல் வகுப்பு முடிந்து
தலை காயாமல் வந்திருந்த ஒரு பெண்
பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.
"இந்த ஊரின் பணமெல்லாம்
மண்ணுக்குள்ளிருந்து வந்ததுதானே.
கொஞ்சம் திருப்பிப் போடுவோம்."
பேச அனுமதியில்லை என்று
அவளை உட்காரவைத்தார்கள்.
ஒரு வாக்கில் நிறைவேறியது.

ஆகஸ்டில் தோண்டினார்கள்.
மழை. வரைபடத்தில் இல்லாத ஒரு குழாய்.
மறுபடி மழை.
கடைசியில் ஒருநாள்
வாழைத்தண்டுப் பருமனில்
கறுப்பாக உள்ளே இறங்கியது.
ரிப்பன் கட்ட இடமில்லாததால்
மேயர் குழியோரம் நின்று படமெடுத்துக்கொண்டார்.
அடக்கத்துக்கு வந்தவர் மாதிரி விழுந்திருந்தது.
பத்திரிகை போடவில்லை.

அடுத்த ஜூன்.
வெளியே இரண்டு டிகிரி, புல்லில் உறைபனி.
கார்மெல் பழக்கத்தில்
காதடைப்பானோடு வந்து
அறைக்குள் சற்றுநேரம் நின்றார்.
எதையோ கேட்க முயல்பவர் போல.

அன்று காலை இரண்டு புகார்கள்:
தண்ணீர் குளிர்கிறது.
மானி இருபத்தெட்டு காட்டியது,
நேற்று போலவே, போன வருடம் போலவே.
உறுமல் நின்றுபோனதில்
உடம்புக்குச் சூடு குறைந்துவிட்டதோ என்னவோ.

அடுத்த படிவம் மேசையில் கிடக்கிறது.
நூலகத்தின் கூரை யாருக்குச் சொந்தம் என்று
மூன்று வாரமாகத் தேடுகிறேன்.
மதியம் எழுந்துபோய்க்
குளத்தில் கைவிட்டுப் பார்த்தேன்.

எனக்கும் கொஞ்சம்
அப்படித்தான் இருந்தது.