இலக்கம்

வாடை பிடித்த மூன்றாம் இரவு.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
ஓட்டோவின் பின்சீட்டில்
சாக்குச் சுற்றிக் கிடந்தது
நாற்பது குதிரை எஞ்சின்,
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஆளைப் போல
தலை அவன் மடியில்.

ஜெனிற்றன்.
முன்பல் ஒன்று இல்லாமல் சிரித்தான்.
எனக்குத் தெரிந்த காலத்தில்
அந்தப் பல் இருந்தது.

"நம்பரை மட்டும் உரசிவிடு மச்சான்,
அரை மணித்தியாலம்.
விடிய முதல் முல்லைத்தீவுப் பக்கம் போயிடும்.
உனக்கு நாற்பதாயிரம்."

நான் காசைப் பார்க்கவில்லை.
சாக்கின் கிழிசலால் தெரிந்த
தகட்டைப் பார்த்தேன்.
என் பெருவிரலுக்கு உடனே தெரிந்தது
எந்த அரம், எந்தச் சரிவு,
எத்தனையாவது இழுவையில்
எட்டு மூன்றாகும் என்று.
பிறகு கறுப்புப் பெயின்ற்.
பழசாகத் தெரிய
கொஞ்சம் உப்புத் தண்ணி.

"இப்ப இது செய்யிறேல்லை" என்றேன்.
"நசீர் நானாவின்ர கடை."

நானா கிண்ணியாவிலிருந்து
முதல் பஸ்ஸில் வருகிறவர்.
போன ஆடியில் ஒருநாள்
திறப்பை என் கையில் போட்டு
"பூட்டிட்டுப் போங்க தம்பி" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அன்றிரவு மூன்று தரம் எழும்பிவந்து
பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

ஜெனிற்றன் இருக்கவில்லை.
ஸ்பானர் ஒன்றை எடுத்துக்
கையில் நிறுத்துப் பார்த்தான்.
வெளியே பேக்கரி வாசலில்
கோட்டையிலிருந்து இறங்கிவந்த இரண்டு மான்கள்
பாண் சுற்றிய கடதாசியைச் சப்பிக்கொண்டு
ஓட்டோவின் வெளிச்சத்துக்கும் அசையாமல் நின்றன.

பிறகு அவன் குரலைத் தணித்தான்.
அதுதான் அவனுடைய கெட்டித்தனம்.

"ரெண்டு பேர் எண்டு அவங்களுக்குத் தெரியும்.
மற்றவன் ஆர், மற்றவன் ஆர் எண்டுதான் அடி.
நான் சொன்னனானா?"

சொல்லவில்லை.
அவன் மறியலில் இருந்த ஒன்றரை வருஷத்தில்
நான் காபரேற்றர் கழுவப் பழகினேன்,
வங்கியில் புத்தகம் திறந்தேன்.
சாம்பல்தீவில் ஒருத்தி
"முந்தி என்ன செய்தீங்கள்" என்று கேட்க
"கடல்" என்றேன்.
அவள் நம்பினாள்.
அந்த நாளுக்கும் சேர்த்து
அவன் வாயிலிருந்துதான்
விலை போயிருக்கிறது.

அரத்தை எப்போது எடுத்தேன்?
கையில் இருந்தது.
அவன் அதைக் கண்டான்,
பேசாமல் சாக்கை விலக்கினான்.

குனிந்தேன்.
ஸ்டாட்டர் கயிறு புதுசு. பச்சை.
பிடியில் இரட்டை முடிச்சு,
நுனி நெருப்பில் உருக்கியது.
நான் போடுகிற முடிச்சு.

"இது பவளராசா அண்ணையின்ர."
"ஆற்ற எண்டு நான் கேட்கேல்லையே."
"கயிறு நான் போட்டது. ஐப்பசியில."

வந்ததிலிருந்து முதல் தரமாக
அவன் நிலத்தைப் பார்த்தான்.
அரத்தை மேசையில் வைத்தேன்,
சத்தம் கேட்கும்படி.

"கொண்டுபோய் அவற்ற வாடியிலயே வைச்சிடு.
பல்லு நான் கட்டித் தாறன்."

"பல்லா?" என்றான்.
சிரிக்க வெளிக்கிட்டு
கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.
அந்தக் கை நடுங்கியதை
நான் காணவில்லை என்றே
இருவரும் வைத்துக்கொண்டோம்.

ஓட்டோ போனது.
சந்தியில் இடப்பக்கம் என்றால் திருக்கடலூர்.
மற்றப் பக்கம் என்றால் நிலாவெளி வீதி.
ஷட்டருக்குக் கீழே காதை நீட்டினேன்.
வாடைக்காற்றில்
ஒன்றும் பிடிபடவில்லை.

பூட்டினேன்.
இழுத்துப் பார்த்தேன்.
படுத்தும், அந்த இலக்கம்
ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.
எட்டு, எட்டாகவே.

நாளைக் காலை
நானா முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார்.
பவளராசா அண்ணை
தலையில் அடித்துக்கொண்டு ஓடிவருவார்,
என்னிடம் கேட்பார்.
அல்லது
வரமாட்டார்.