வலது கதவு

தை பிறந்த வாரத்தில்
காரின் வலது பக்கத்துச் சாவித்துளை
வாயை மூடிக்கொண்டது.
அன்றிலிருந்து இடது கதவில் ஏறி
சேலையைச் சுருட்டி இடுக்கி
கியர் தடியைத் தாண்டித்
தவழ்ந்து போகிறேன் ஸ்டியரிங்குக்கு.
குடோன் வாசலில் நிற்கும் பாவு ஓட்டுகிற பையன்கள்
மரியாதையாக
வேறெங்கோ பார்க்கிறார்கள்.
அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

பல்லடத்துக்கு மேற்கே என் இருபத்து நாலு தறிகள்.
டீ டம்ளரில் பஞ்சு, கணக்கு நோட்டில் பஞ்சு,
தும்மினால் பஞ்சு.
பாலக்காட்டுக் கணவாயில் கிளம்பி வரும் காற்று
எந்தத் துளை திறந்திருக்கிறதென்று பார்த்து
கொண்டுபோய் அடைக்கிறது.

"ஏனுங்க்கா, இதுக்குப் போயி"
என்று சொல்லி மேஸ்திரி சென்னியப்பன்
தறி எண்ணெய் நாலு சொட்டு விட்டார்.
மூன்று நாள் நல்ல பிள்ளையாகத் திரும்பிய சாவி
நாலாம் நாள் இறுகிக்கொண்டது,
முன்னைவிட.

காங்கேயத்தில் செக்கு வைத்திருக்கும் சின்ன மாமனார்
தேங்காயெண்ணெய்க்கு மிஞ்சி
என்ன இருக்குதுங் அம்மிணி என்றார்.
விடிகாலைக் குளிரில் அது பூட்டுக்குள் உறைந்து
வெள்ளை மெழுகாய் நின்றதை
அவரிடம் நான் சொல்லவில்லை.
ஒறம்பரை.

கோழிப்பண்ணைக்காரர் வாசலின் கொடுத்தார்,
கோழிக் காலுக்குத் தடவுவது.
ஒர்க்‌ஷாப் பையன் விரல் நிறையக் கிரீஸ் அப்பினான்.
என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ
துரு எடுக்கிற ஸ்பிரே வாங்கி வந்தார்.
அடித்ததும் திறந்தது,
காய்ந்ததும் மறந்தது.
அவரும் மறந்துவிட்டார்.

பூட்டை யாரும் பார்க்கவில்லை.
அவரவர் கையில் என்ன எண்ணெய் இருந்ததோ
அதைத்தான் பார்த்தார்கள்.

மாசிக் கடைசியில் சாவியே வளைந்தது.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
குடை விரித்து உட்கார்ந்திருக்கும் ஜபருல்லா
ஒன்றே ஒன்று கேட்டார்:
"இதுக்குள்ள என்னென்ன ஊத்துனீங்க?"
எண்ணத் தொடங்கினேன்.
ஒரு கை விரல்கள் முழுசாய் மடங்கின.

கதவுத் தகட்டைக் கழற்றிப்
பூட்டின் உருளையை வெளியே எடுத்து
பெட்ரோல் கிண்ணத்தில் போட்டார்.
ஊசியால் நோண்ட நோண்ட
கறுப்புப் புழுவாய் வந்தது.
மேஸ்திரி, மாமனார், கோழிப்பண்ணைக்காரர்,
வீட்டுக்காரர் எல்லோரும் அதில் இருந்தார்கள்,
என் தறிப் பஞ்சோடு பிசைந்து.

"பஞ்சு பறக்குற ஊருல ஈரம் ஆகாதுங்க.
ஈரம், போறவன் வர்றவனையெல்லாம்
கூப்பிட்டு உக்கார வெச்சுக்கும்.
வழுக்கணும். ஆனா காஞ்சிருக்கணும்."

கிராஃபைட் பொடி டப்பா காலி.
பென்சில் இருக்குதுங்களா என்றார்.
டாஷ்போர்டுக்குள் மகளின் படம் வரையும் பென்சில்,
மெத்தென்ற கருமுனை.
பிளேடால் அதைச் சுரண்டித் தூளாக்கி
புதுச் சாவியை அதில் புரட்டி என்னிடம் தந்தார்.
உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே.
பத்தாவது தடவை
சாவி தானாகவே போவதுபோல் இருந்தது.
"இனி ஒரு சொட்டு எண்ணெய் விட்டீங்கன்னா
இந்தப் பொடியும் சேறுதான்" என்றார்.

மத்தியானம் ஈரோட்டுக்குப் போக வேண்டிய காடாத் துணியை
நானே நின்று மடித்தேன்.
வியாபாரி பிரித்துப் பார்த்தான்.
என் விரல் போன வழியெல்லாம்
பெருவிரல் அகலத்தில் சாம்பல் கறை.
தறி எண்ணெய்க் கறையென்றால் சலவையில் போய்விடும்.
இது, துடைக்கத் துடைக்கப் பரவியது.
மீட்டருக்கு எழுபது பைசா கழித்துக்கொண்டான்.

பூட்டுச் செலவு என்று நோட்டில் எழுதித்
தொகையைப் போட்டேன். மூவாயிரத்துச் சொச்சம்.
பஞ்சை ஊதித் தள்ளிவிட்டு
ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.

பொழுதோட கிளம்பும்போது
பழக்கத்தில் இடது பக்கம் போய்விட்டேன்.
பையன்கள் திரும்பிக்கொண்டார்கள்.
நின்றேன். காரைச் சுற்றி வந்தேன்.
வலது கதவைத் திறந்தேன், பூட்டினேன்,
திறந்தேன்.
இந்த முறை
நேராகவே பார்த்தார்கள்.