நாற்பது நிமிடப் பழுது

சாயல்குடிக்குத் தெற்கே,
கடல் கண்ணில் படாமல் காதில் மட்டும் விழுகிற தூரத்தில்
சுண்ணாம்புக்கல் குழி.
என் திரையில் அது மூன்று வட்டம், பத்தொன்பது கோடு.

முதல் வட்டம் உமையலிங்கத்தின் எக்ஸ்கவேட்டர்.
ஐந்து வாரலில் ஒரு டிப்பர் நிறையும்;
மூன்று நிமிடம் பத்து நொடி.
பாறை முரண்டு பிடித்தால் நாலரை.
இரண்டாவது கிரஷர். மூன்றாவது டீசல் பங்க்.
கோடுகளில் ஏழு சதுரங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்,
நிறைந்தால் சிவப்பு, காலியானால் பச்சை.

முதலாளி கமருதீன் கேட்டது ஒன்றுதான்:
"எட்டாவது வண்டிக்கு லோன் போடவா, வேண்டாமா?"

ஒரே ராத்திரியில் ஆயிரம் நாள் ஓட்டினேன்.
ஆயிரம் விடியல். ஒரு சேவல்கூடக் கூவவில்லை.
டயர் வெடித்தது. ஷிப்ட் மாறியது.
பகடை சொன்னபடி ஒருவன் தாமதமாக வந்தான்.
ஐந்து வண்டி என்றால்
எக்ஸ்கவேட்டர் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்கிறது.
ஏழு என்றால் யாருக்கும் கொட்டாவி வராது.
எட்டாவது வந்ததும் நீண்டது வரிசை மட்டும்;
கல் கூடவில்லை.

இதோடு விட்டிருக்கலாம்.
ஆனால் நிஜக் குழி என் குழியோடு ஒத்துப்போகவில்லை.
மத்தியானம் மூன்று மணிக்கு மேல்
ஏற்றத்தில் வண்டிகளின் வேகம்
இருபத்தெட்டிலிருந்து பதினேழுக்கு இறங்குகிறது.
புழுதி. முன்னால் போகிற வண்டி தெரியாத புழுதி.
தண்ணீர் லாரி எங்கே?
இரண்டு ஐம்பதுக்கு ஜிபிஎஸ்ஸில் அணைகிறது;
மூன்றரைக்குத் திரும்ப முளைக்கிறது.
தினமும்.
ஒர்க்‌ஷாப் நோட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மறுநாள் ரெமிஜியுஸின் பக்கத்து சீட்டில் ஏறினேன்.
காலை நடைகளுக்கெல்லாம்
குழியின் அடியில் ஊறும் உவர்நீர்.
"உப்புத்தண்ணிதான் ரோட்டுக்கு நல்லது மேடம்,
புழுதியப் புடிச்சு வச்சுக்கும்" என்றார்.
என் சூத்திரத்தில் தண்ணீருக்கு ருசி இல்லை.

இரண்டு ஐம்பது.
என்னை ஒருமுறை பார்த்தார்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
ஒயரைப் பிடுங்கினார்.

தேரிக்குப் பின்னால், பனைகளுக்கு நடுவே
கையகலக் கிணறு. ஊற்றுத்தண்ணீர்.
கேபினுக்குப் பின்னால் கட்டியிருந்த கறுப்பு சின்டெக்ஸை நிரப்பி,
கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு போய்
முப்பத்து நாலு வீடுகளின் முனையில் நிறுத்தினார்.
ஹாரன் அடிக்கவில்லை. தேவைப்படவில்லை.

வரிசை என் தொழில்.
கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.
குடத்துக்கு இருபத்திரண்டு நொடி.
குடங்கள் நாற்பத்தொன்று, தள்ளுவண்டிகளில் வந்தவையும் சேர்த்து.
பச்சை, ஆரஞ்சு, வாய் உருகி ஒட்டுப்போட்ட நீலம்,
நான்காவதாக ஒரு குடம், ஆள் இல்லாமல்.
அதன் வாயில் ஒரு கல்.

"செல்லக்கிளியோட இடம்.
உப்பளத்துலேர்ந்து வந்துருவா."

கல்லின் முறை வந்தது.
குழாய் அதன்மேல் நின்றது. யாரும் தாண்டவில்லை.
ஒரு நிமிடம் பத்து நொடி.
கணுக்கால் வரை வெள்ளை பூத்த கால்களோடு
அவள் ஓடிவந்து கல்லை எடுத்தாள்.
வராதவளுக்காக நிற்கிற வரிசையை
நான் எந்த செமஸ்டரிலும் படித்ததில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
எட்டாவது டிப்பர் வேண்டாம்.
தண்ணீர் லாரிக்குத் தினசரிப் பழுது உண்டு,
சராசரி நாற்பது நிமிடம், விலகல் ஆறு.
இரண்டு மணிக்கே ஏற்றத்தில் ஒரு நடை கூடுதலாகத் தெளித்தால்
டன் குறையாது.

கமருதீன் பேனாவால் அந்த வரியைத் தட்டினார்.
"என்ன பழுது? ஸ்பேர் வாங்கிப் போட்டுறலாமே?"

"ஐப்பசியில தானா சரியாகும் சார்."

தலை நிமிரவில்லை அவர்.
"மழை பெய்ஞ்சா" என்றார்.
கையெழுத்துப் போட்டார்.

இன்றிரவும் ஓட்டிப் பார்க்கிறேன்.
ஆயிரத்தில் ஏதோ ஒரு நாள், இரண்டு ஐம்பது.
நீலச் சதுரம் கோட்டின் ஓரம் நிற்கிறது.
ஒரு தட்டலில் தாண்டிப் போகலாம்.
வேகத்தை நிஜ நேரத்துக்குக் குறைத்து வைக்கிறேன்.
இருபத்திரண்டு.
நாற்பத்து நாலு.
அறுபத்தாறு.
இங்கே ஒரு கல்.